கடைக் கம்ப்யூட்டரின் சூடும் காய்ந்துபோன பசையும்



தராசு சரியாக நிற்கிறதா, எலி மூட்டையைக் கடித்திருக்கிறதா, பருப்பில் வண்டு விழுந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். ஆனால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரை மட்டும், அது படுத்துவிடும் வரை நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்த பிறகு, பேரேடும் சிட்டையும் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்து அமர்ந்துவிட்டது. கொள்முதல், விற்பனை, கையிருப்பு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. ஆகவே அதன் உடல்நலம் நம் வணிகத்தின் உடல்நலம் என்று சொன்னால் மிகையாகாது.

மீஞ்சூர் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். தீபாவளிக்கு முந்தைய வாரம். கடையில் கூட்டம். மதியம் 12 மணிக்கு மேல் கம்ப்யூட்டர் தானாக அணைந்து போயிற்று. பத்து நிமிடம் கழித்துப் போட்டால் எழுந்தது. அரை மணி நேரத்தில் மறுபடியும் அணைந்தது. கடைப் பையனுக்குத் தெரிந்த ஒருவர் வந்து பெட்டியைத் திறந்தார். "உள்ளே பேஸ்ட் காய்ந்துவிட்டது, சுத்தம் செய்தால் போதும்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனால் செய்த விதம் தவறு. விசிறியோடு கூடிய அலுமினியக் கட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். காய்ந்த பசை விடாததால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. அதன் அடியிலிருந்த ஊசிகள் வளைந்தன. மேலே ஒட்டியிருந்த பசையைக் கத்தியால் சுரண்டி, பெயிண்ட் தின்னரை ஊற்றித் துடைத்தார். அத்துடன் கம்ப்யூட்டர் கதை முடிந்தது.

நண்பர் மூன்று நாள் கையால் பில் எழுதினார். ஹார்டு டிஸ்க் நல்லபடியாக இருந்ததால் கணக்கு தப்பியது. தப்பியிராவிட்டால் 20ஆம் தேதி கட்ட வேண்டிய 3பி கணக்குக்கு என்ன செய்திருப்பார் என்று அவரைக் கேட்டோம். அவரிடம் பதில் இல்லை. வேறு எங்கும் அந்தக் கணக்கின் நகல் இல்லை என்பதுதான் காரணம்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, இந்தப் பசை என்பது என்ன, பழையதை ஆபத்தில்லாமல் எப்படி எடுப்பது என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, நம் அலுவலகக் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்த்தோம். அதை உறுப்பினர்களுக்கும் சொல்வது கடமை என்று கருதி இதை எழுதுகிறோம்.

பசை எதற்காக?

கம்ப்யூட்டரின் மூளையாக இருப்பது பிராசசர். அது ஒரு சிறிய வில்லை. வேலை செய்யும்போது அது சூடாகிறது. அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதற்காக அதன் மேல் அலுமினியத்தாலோ செம்பாலோ ஆன ஒரு கட்டியை வைத்து, அதற்கு மேல் விசிறியைப் பொருத்துகிறார்கள். இந்தக் கட்டிக்கு ஹீட் சிங்க் என்று பெயர்.

பிராசசரின் மேல்பக்கமும் ஹீட் சிங்கின் அடிப்பக்கமும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் இரண்டிலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. ஒன்றன் மேல் ஒன்றை வைத்தால் மேடுகள் மட்டுமே தொடும்; பள்ளங்களில் காற்று நிற்கும். அடி கோணிய தோசைக்கல்லை மின்சார அடுப்பின் மேல் வைத்தால், தொடும் இடம் மட்டும் காய்ந்து மற்ற இடம் காயாமல் இருப்பதைப் போன்றது இது.

காற்று சூட்டைக் கடத்துவதில் மிக மோசமானது. செம்பு, காற்றைப் போல் சுமார் 15,000 மடங்கு சூட்டைக் கடத்தும். எனவே அந்த நுண்ணிய பள்ளங்களை நிரப்ப ஒரு பசையைத் தடவுகிறார்கள். அதுவே தெர்மல் பேஸ்ட். சாதாரண வகை, சிலிகோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு அல்லது அலுமினிய ஆக்சைடு தூளைக் குழைத்துச் செய்யப்படுவது. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். சிலவற்றில் வெள்ளித் தூளும் கலந்திருக்கும்.

ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். இந்தப் பசை காற்றை விடப் பல மடங்கு நல்லது; ஆனால் செம்போடு ஒப்பிட்டால் அது மிகவும் பின்தங்கியது. ஆகவே பசை என்பது பள்ளத்தை நிரப்ப மட்டுமே. அப்பளக் கனத்துக்கு அப்பினால் அதுவே சூட்டைத் தடுக்கும் சுவராகிவிடும்.

பசை ஏன் கெடுகிறது?

காலையில் கம்ப்யூட்டரைப் போடுகிறோம், இரவு அணைக்கிறோம். ஒவ்வொரு நாளும் சூடாகி, விரிந்து, ஆறி, சுருங்குகிறது. இந்த அசைவில் பசை சிறிது சிறிதாக ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. அதிலுள்ள எண்ணெயும் நாளடைவில் பிரிந்து போகிறது. மிஞ்சுவது காய்ந்த சுண்ணாம்பு போன்ற தூள். அதில் விரிசல் விடும். விரிசலுக்குள் மறுபடியும் காற்று புகும். பல ஆண்டுகள் நன்றாக இருந்த கம்ப்யூட்டர் ஒரு கோடைகாலத்தில் திடீரென்று தகராறு செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சூடு அளவு மீறினால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். பல இன்டெல் பிராசசர்களில் அந்த எல்லை 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறது. "பில் போடுவது மதியத்துக்கு மேல் மெதுவாகிறது" என்று நம் உறுப்பினர்கள் சிலர் சொல்வதன் பின்னணி இதுவாக இருக்கலாம்.

நம் பகுதிக்கு உள்ள கூடுதல் சங்கடம்

காட்டுப்பள்ளி ஒரு பக்கம் வங்கக் கடலும் மறுபக்கம் பக்கிங்காம் கால்வாயும் சூழ்ந்த இடம். கடற்காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம் 1994 முதல் இயங்குகிறது; பக்கத்தில் வல்லூர் அனல் மின் நிலையம். 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் 2013இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் செயல்படத் தொடங்கிய பிறகு, கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகளாக நம் சாலைகள் மாறிவிட்டன. கடலோரம் உப்பு, நடுவில் நிலக்கரிச் சாம்பல், சாலையோரம் புழுதி என்று மூன்றையும் நம் கடைகள் சேர்த்துச் சுவாசிக்கின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் உள்ள கடைகளுக்குத் தொழிற்சாலைத் தூசி வேறு.

கடைக்குள்ளே நாமும் நம் பங்கைச் சேர்க்கிறோம். கோதுமை மாவு, மிளகாய்த் தூள், சாக்குத் தும்பு, காலையில் போடும் சாம்பிராணிப் புகை எல்லாம் விசிறி வழியாக உள்ளே போய் ஹீட் சிங்கின் இடுக்குகளில் அடைகின்றன. ஈரக் காற்றில் அந்தத் தூசி கெட்டியாக அப்பிக்கொள்கிறது.

ஆகவே கம்ப்யூட்டர் சூடாகிறது என்றவுடன் பசையைக் குறை சொல்லக் கூடாது. முதல் சந்தேகம் தூசி மேல்தான் வர வேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கத் தகட்டைக் கழற்றி, மென்மையான பிரஷ்ஷாலும் காற்றடிக்கும் ஊதுகருவியாலும் தூசியைப் போக்குங்கள். காற்றடிக்கும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்; வேகமாகச் சுழலவிட்டால் விசிறி கெடும். வாயால் ஊதக் கூடாது; எச்சில் ஈரம் உள்ளே படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பல கம்ப்யூட்டர்களின் சூட்டுத் தொல்லை தீர்ந்துவிடும். தூசியை நீக்கிய பிறகும், விசிறி நன்றாகச் சுற்றியும், சூடு குறையவில்லை என்றால்தான் பசைக்குப் போக வேண்டும்.

யார் செய்யலாம்?

பெட்டி வடிவ மேஜைக் கம்ப்யூட்டராக இருந்து, உத்தரவாதக் காலமும் முடிந்திருந்து, இதற்கு முன் பெட்டியைத் திறந்து பழகியவர் வீட்டிலோ கடையிலோ இருந்தால், நாமே செய்துகொள்ளலாம். லேப்டாப், திரையோடு சேர்ந்த பில்லிங் மெஷின் ஆகியவற்றை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. லேப்டாப் பிராசசரின் மேல் பெரும்பாலும் உலோக மூடி கிடையாது. சிலிக்கான் சில்லு வெறுமனே இருக்கும். ஓரத்தில் சற்று அழுத்தினாலும் பெயர்ந்துவிடும். உத்தரவாதம் முடியாத பொருளை நாமாகத் திறந்தால் உத்தரவாதமே போய்விடலாம்.

மெக்கானிக்கிடம் கொடுத்தாலும், அவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க முறை தெரிந்திருக்க வேண்டும். சரக்கைப் பார்த்து வாங்கத் தெரிந்த நமக்கு வேலையைப் பார்த்து வாங்கவும் தெரிய வேண்டாமா?

முதல் வேலை: கணக்கின் நகல்

ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கும் முன், கணக்கு முழுவதையும் ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுங்கள். எடுத்த நகலை இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், நகல் இல்லை. ஜி.எஸ்.டி. சட்டத்தின்படி கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். ஆறு ஆண்டுக் கணக்கை ஒரே பெட்டியில் வைத்துக்கொண்டு அதன் மேல் ஸ்குரூ டிரைவரை வைப்பது, பூட்டாத கல்லாவைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

எதனால் துடைக்க வேண்டும்?

இதற்கு ஏற்ற திரவம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். மெக்கானிக்குகள் ஐ.பி.ஏ. என்று சொல்வார்கள். சென்னை ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். 99 சதவீதம் சுத்தமானதே சிறந்தது. 90க்கு மேல் இருந்தாலும் சரி. 70 சதவீதம் என்று எழுதியிருப்பதில் மீதி தண்ணீர். உலர அதிக நேரம் பிடிக்கும். எண்ணெயைக் கரைத்து, தானும் ஆவியாகி, பின்னால் எதையும் விட்டுவைக்காமல் போவதுதான் இதன் சிறப்பு.

வேறு எதையெல்லாம் பயன்படுத்தக் கூடாது என்பதையும் காரணத்தோடு சொல்லிவிடுகிறோம்.

பெயிண்ட் தின்னர், நெயில் பாலிஷ் நீக்கும் திரவம்: பிளாஸ்டிக்கையும் பூச்சையும் கரைத்துவிடும்.

பெட்ரோல், மண்ணெண்ணெய்: எண்ணெய்ப் படிவை விட்டுச் செல்லும்; பெட்ரோல் எளிதில் தீப்பிடிக்கும்.

கை கழுவும் சானிடைசர்: கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கிறதே என்று சிலர் பயன்படுத்துகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொன்ன கலவையில் ஆல்கஹாலோடு கிளிசரினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் உண்டு. கிளிசரின் ஆவியாகாமல் பிசுக்காக நிற்கும்.

மருந்துக்கடை சர்ஜிகல் ஸ்பிரிட்: சில வகைகளில் எண்ணெய்ப் பொருள் சேர்த்திருப்பார்கள். அதுவும் படியும்.

தண்ணீர், சோப்பு நீர்: சொல்லவே வேண்டியதில்லை.

பெயர்ச் சீட்டு இல்லாமல் கேனில் அளந்து தரும் "ஸ்பிரிட்" எதையும் வாங்காதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறோம். அதில் மெத்தனால் இருக்கலாம். 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது மெத்தனால் கலந்த சாராயம்தான். மெத்தனால் குடித்தால் மட்டுமல்ல, தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும்.

தீயும் குழந்தைகளும்

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் சுமார் 12 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். மார்கழி விடியற்காலையில்கூட நம் பகுதி அவ்வளவு குளிர்வதில்லை. அப்படியென்றால் பாட்டிலைத் திறந்த எந்த நேரமும் அது தீக்குத் தயாராக இருக்கிறது என்று பொருள். சாமி படத்துக்கு முன் எரியும் விளக்கு, ஊதுவத்தி, கற்பூரம், டீ அடுப்பு, பீடி சிகரெட் எதுவும் அருகில் இருக்கக் கூடாது. ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து செய்யாதீர்கள், காற்றோட்டம் வேண்டும்.

மளிகைக் கடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணெய், வினிகர், பன்னீர் என்று பல பாட்டில்கள் வரிசையாக இருக்கும் இடம் அது. இந்தத் திரவமும் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும். குடிதண்ணீர் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஊற்றி வைக்கவே கூடாது. பெயர்ச் சீட்டோடு வந்த பாட்டிலிலேயே, உணவுச் சரக்கிலிருந்து தள்ளி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். யாரேனும் தவறிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பாட்டிலையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

செய்முறை

1. வியாபார நேரத்தில் செய்யாதீர்கள். கடை மூடிய பிறகோ விடுமுறை நாளிலோ, வெளிச்சமுள்ள மேஜையில் செய்யுங்கள். அவசரமே பாதிச் சேதத்துக்குக் காரணம்.

2. முதலில் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சூட்டில் காய்ந்த பசை சற்று இளகும். பிறகு முறைப்படி அணைத்து, யு.பி.எஸ்.ஸையும் அணைத்து, எல்லா வயர்களையும் பிடுங்குங்கள். யு.பி.எஸ்.ஸுக்குள் பாட்டரி இருப்பதால், சுவர் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. பின்னர் கம்ப்யூட்டரின் பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமுள்ள மின்சாரம் வடியும். உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டியை எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

3. பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுங்கள். உடம்பிலுள்ள நிலை மின்சாரம் நீங்கும். ஹீட் சிங்க் தொட்டால் பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், வேலையைத் தொடங்கும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எந்த வயர் எங்கே போகிறது என்பது பிறகு நினைவிருக்காது.

4. விசிறி வயரைக் கழற்றுங்கள். ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். இன்டெல் கம்பெனியோடு வரும் விசிறியில் நான்கு பிளாஸ்டிக் குமிழ்கள் இருக்கும். அவற்றை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும்.

5. ஹீட் சிங்கை நேராக மேலே இழுக்காதீர்கள். இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பசையின் பிடி விட்ட பிறகு எடுங்கள். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 வகையிலும் அதற்கு முந்தைய மேஜைக் கம்ப்யூட்டர் வகைகளிலும் ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கும். நம் நண்பர் கடையில் பிடுங்கிக்கொண்டு வந்தது இந்த வகைதான். இன்டெல் மேஜைக் கம்ப்யூட்டர்களில் 2004 முதல் வந்த வகைகளில் ஊசிகள் மதர்போர்டில் இருக்கும். அங்கே பிராசசரை இடத்தை விட்டு எடுக்கவே வேண்டாம். எடுத்தால் பசையோ பஞ்சோ அந்த மெல்லிய ஊசிகளில் விழும், மதர்போர்டே வீணாகலாம்.

6. முதலில் உலர்ந்த துணியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வழித்து எடுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் பசை சுற்றிலும் வழியும். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி போன்ற, நூல் உதிராத துணி வேண்டும். டிஷ்யூ காகிதம் தும்பு விடும்.

7. பிறகு திரவத்தைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். பிராசசர் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது. காய்ந்து கெட்டியாகிப்போன பசையாக இருந்தால், நனைத்த துணியை அதன் மேல் ஒன்றிரண்டு நிமிடம் போட்டு வையுங்கள், ஊறி இளகும். அதற்கும் வராவிட்டால் காலாவதியான பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பால் மெதுவாகத் தள்ளலாம். கத்தி, ஸ்குரூ டிரைவர், உப்புக் காகிதம், பாத்திரம் தேய்க்கும் நார் ஆகியவற்றைத் தொடாதீர்கள். ஒரு கீறல் என்பது காற்று நிற்க ஒரு புதிய பள்ளம்.

8. துணியின் புதிய பக்கத்தை மாற்றி மாற்றித் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஒட்டாமல் வரும்வரை விடாதீர்கள். ஓரங்களுக்குப் பஞ்சுக் குச்சி உதவும். ஹீட் சிங்கின் அடிப்பக்கத்தையும் இதே போல் செய்யுங்கள். பலர் பிராசசரை மட்டும் துடைத்துவிட்டு இதை மறந்துவிடுகிறார்கள். பழைய பசை ஒரு பக்கம் மிஞ்சினாலும் அதன் கட்டிகள் புதிய பசையைச் சமமாகப் பரவ விடாது. சுத்தம் செய்த பிறகு விரலால் தொடக் கூடாது. கை எண்ணெய் படும். ஐந்து நிமிடம் நன்றாக உலரட்டும்.

வெள்ளி போல் பளபளத்து, பாதரசம் போல் ஓடும் பசை ஏதேனும் தென்பட்டால் உடனே நிறுத்துங்கள். அது காலியம் என்ற உலோகம் கலந்தது. மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரித்துவிடும். அது அனுபவசாலிகளின் வேலை.

9. புதிய பசையை நடுவில் ஒரு பொட்டாக வையுங்கள். ஒரு துவரம் பருப்பு அளவிலிருந்து சிறிய பட்டாணி அளவுக்குள் போதும். பெரிய பிராசசருக்குச் சற்றுக் கூடுதல். ஹீட் சிங்கை நேராக வைத்து, ஸ்குரூக்களை எதிரெதிர் மூலையாகச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். வைத்த பிறகு மீண்டும் தூக்கிப் பார்க்காதீர்கள். தூக்கினால் காற்று புகும்; திரும்பவும் துடைத்து முதலிலிருந்து செய்ய வேண்டும்.

10. விசிறி வயரை மாட்ட மறக்காதீர்கள். திரவம் முழுவதும் உலர்ந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, கம்ப்யூட்டரைப் போட்டு விசிறி சுற்றுகிறதா என்று கண்ணால் பாருங்கள். சுற்றாவிட்டால் உடனே அணையுங்கள். பிறகு பயாஸ் பக்கத்தில் வெப்ப அளவைப் பாருங்கள். வேலைக்கு முன் குறித்து வைத்த அளவோடு ஒப்பிட்டால் பலன் தெரியும்.

வேலை முடிந்த பிறகு

நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். திறந்த வெளியில், தீ இல்லாத இடத்தில் உலர வைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அரிசியையோ பருப்பையோ தொடுங்கள். பசை சாப்பிடும் பொருளில் கலக்கக் கூடாதது. முடிந்தால் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கெட்டுப்போன மதர்போர்டு, விசிறி, பாட்டரி போன்றவற்றைச் சில்லறைக் காயலான் கடையில் போடுவது வழக்கமாக இருக்கிறது. அங்கே செம்புக்காக எரித்தால் வரும் புகை நம் பிள்ளைகள் மூச்சில்தான் போகும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களிடம் சேர்ப்பதே முறை.

கூடுதலாக இரண்டு குறிப்புகள்

பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் எழுத்து மங்கினால், அதன் தலைப்பகுதியையும் இதே ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைக்கலாம். பிரிண்டரை அணைத்து, தலை ஆறிய பிறகு செய்ய வேண்டும். தெர்மல் என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் அங்கேயும் பசை வைக்க வேண்டுமோ என்று ஒரு நண்பர் கேட்டார். வேண்டவே வேண்டாம்.

எலெக்ட்ரானிக் தராசை மட்டும் இந்த ஆர்வத்தில் திறந்துவிடாதீர்கள். அதில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறது. முத்திரை உடைந்தால் மறு முத்திரை பெறாமல் அதில் நிறுத்து விற்க முடியாது. மேல்தட்டை உலர்ந்த துணியால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

வேலையை வெளியாளிடம் கொடுப்பவர்கள் ஐந்தே கேள்விகள் கேட்டால் போதும். கணக்கை நகல் எடுத்துவிட்டோமா? துடைக்க எந்தத் திரவம் கொண்டுவந்திருக்கிறீர்கள், பாட்டிலைக் காட்டுங்கள் பார்ப்போம்? கழற்றும் முன் கம்ப்யூட்டரைச் சற்று ஓடவிட்டீர்களா? ஹீட் சிங்கின் அடியிலும் பழைய பசை போயிற்றா? இப்போது வெப்பம் எத்தனை டிகிரி? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தின்னர் டப்பாவோடு வருபவரை, டீ வாங்கிக் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

பசையை ஆண்டுதோறும் மாற்ற வேண்டியதில்லை. நல்ல பசை மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தாங்கும். சூடு ஏறாத கம்ப்யூட்டரைப் பிரித்துத் தொல்லையை விலைக்கு வாங்க வேண்டாம். ஆனால் எந்தக் காரணத்துக்காக ஹீட் சிங்கைக் கழற்றினாலும், பழைய பசையை முழுவதும் துடைத்துப் புதிது வைத்த பிறகே மாட்ட வேண்டும்.

ஆயுத பூசையன்று கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். அதற்கு ஒரு வாரம் முன்பாகவே பெட்டியைத் திறந்து தூசி தட்டி, கணக்கை நகல் எடுத்து, வெப்பம் எத்தனை டிகிரி என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பதை நம் கடைகள் எல்லாம் வழக்கமாக்கிக்கொள்ளலாம். அடுத்து வரும் தீபாவளிக் கூட்டத்தில் கம்ப்யூட்டர் அணைந்து கைப்புத்தகத்தைத் தேடும் நிலை நம்மில் யாருக்கும் வராது. உறுப்பினர்கள் தங்கள் அனுபவங்களையும் சந்தேகங்களையும் சங்க அலுவலகத்துக்கு எழுதினால், மற்றவர்களுக்கும் பயன்படும் வகையில் வரும் இதழ்களில் வெளியிடுவோம்.